உருகுவதுதான் அதன் உத்தியோகம்

வாருங்கள், இன்று ஃப்ரீசருக்குள் எட்டிப் பார்க்கப் போகிறோம்! ஐஸ்கிரீம் டப்பாவுக்குக் கீழே, பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், விறைத்துப் போய்க் கிடக்கிறதே ஒரு நீலப் பை, அதுதான் இன்றைய கதாநாயகன். ஆன்லைனில் மீன் வாங்கியபோது கூடவே வந்ததாக இருக்கும். பிள்ளையின் முட்டி வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்க மருந்துக் கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். டூர் கிளம்பும் நாளில் மட்டும் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் ஐஸ் ட்ரேயை எடுப்போம். அந்தப் பைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அதை அப்படித் தள்ளவே முடிவதில்லை. அவ்வளவு விஷயம் இருக்கிறது உள்ளே!

முதலில் வயிற்றைக் கிழித்துப் பார்த்துவிடலாம். ஓரத்தில் கசிய ஆரம்பித்த பழைய பை ஒன்று கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள், அதுதான் நமக்கு வேண்டும். உருகவிட்டு, கத்தரிக்கோலால் மூலையை வெட்டி, ஒரு கிண்ணத்தில் பிதுக்குங்கள். வழவழவென்று, குலுங்கக் குலுங்க ஒரு கூழ் வந்து விழும். விரலை விட்டு எடுத்தால் விரலோடு கொஞ்ச தூரம் வந்து, மனசில்லாமல் திரும்பிப் போகும். அதில் பெரும் பங்கு என்ன தெரியுமா? தண்ணீர்! வெறும் தண்ணீர். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்திருப்பது ஒரு சிட்டிகைப் பொடி. பல பைகளில் அது சோடியம் பாலிஅக்ரிலேட். குழந்தையின் டயப்பருக்குள் இருக்கிறதே, அதே பொடிதான். தன் எடையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு சுத்தமான தண்ணீரைக் குடித்துவிட்டு ஊதி உட்கார்ந்துகொள்ளும். வேறு சில பைகளில் செல்லுலோஸிலிருந்து எடுத்த பசையும், கொத்தவரை இனத்து விதையிலிருந்து வரும் கோந்தும் இருக்கும். நீலம் வெறும் சாயம். ஓட்டை விழுந்தால் சட்டென்று கண்ணில் பட வேண்டும் அல்லவா?

இப்போது கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் சாதாரண உப்பைத் தூவிக் கலக்குங்கள். பாலிஅக்ரிலேட் பொடி போட்ட பையாக இருந்தால் உங்கள் கண்முன்னே அது நடக்கும்: கூழ் தளர்ந்து, கரைந்து, நீர்த்து, கொஞ்ச நேரத்தில் நீலத் தண்ணீராக ஓடும்! அந்தப் பொடி தண்ணீரைப் பிடித்துவைத்திருந்த பிடியை உப்பு தளர்த்திவிடுகிறது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள், கூச்சலில் வீடு அதிரும். ஒரு விஷயம், வாயில் மட்டும் யாரும் வைக்கக் கூடாது. சில பைகளில் கிளைக்கால் வகை ரசாயனமும் சேர்ப்பதுண்டு. கிண்ணத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

இதுதான் பலர் ஏமாறும் இடம். ஜெல் என்றால் ஏதோ கூடுதல் குளிர்ச்சி என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை! கூழாக்குவது சிந்தாமல் இருக்க, உருகிய பிறகும் பை ஒரு பக்கமாகச் சரியாமல் இருக்க, பொத்தல் விழுந்தாலும் சாப்பாடு நனையாமல் இருக்க. குளிர வைக்கும் வேலை முழுவதும் தண்ணீருடையது. அதே எடைக்குச் சாதாரணத் தண்ணீரைப் பாட்டிலில் உறைய வைத்தாலும் அதே அளவு வேலை செய்யும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது? இதைத்தான் நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறேன். ஐஸ் பேக் குளிரைக் கொடுப்பதில்லை, சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதுவும் உருகும்போதுதான் அள்ளி அள்ளி வாங்குகிறது.

கணக்கைப் பாருங்கள், தலை சுற்றும். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி வேண்டும். ஒரு கிராம் ஐஸை ஒரு டிகிரி சூடாக்க அதில் பாதி போதும். நம் வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வெளியே வந்த ஐஸ், பூஜ்யம் டிகிரிக்கு ஏறி வருவதற்குள் கிராமுக்கு 9 கலோரி வாங்கும். சரி, பூஜ்யத்துக்கு வந்தாயிற்று, இனி உருக வேண்டும். உருகுவதற்கு மட்டும் எவ்வளவு வாங்கும்? 80 கலோரி! வெப்பமானி ஒரு கோடு கூட நகராது. பூஜ்யத்திலேயே நின்றபடி 80 கலோரியை விழுங்குகிறது. அதே 80 கலோரியைப் பூஜ்யம் டிகிரித் தண்ணீருக்குக் கொடுத்திருந்தால் அது 80 டிகிரிக்குப் போயிருக்கும், கை வைக்க முடியாது.

கல்யாண வீட்டு வாசலில் மொய் எழுத உட்கார்ந்திருப்பாரே ஒரு பெரியவர், ஐஸ் பேக் அவர்தான். பெட்டிக்குள் நுழையும் சூடு முதலில் அவரிடம் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய நோட்டில் பக்கம் இருக்கும்வரை தயிர்சாதத்தின் பக்கம் ஒரு பைசா போகாது.

இந்த மறைந்திருக்கும் வெப்பத்தை முதலில் அளந்து காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜோசப் பிளாக், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில், 1760-களை ஒட்டி. அவர் செய்த சோதனையின் எளிமை என்னைக் கிறுகிறுக்க வைக்கிறது. இரண்டு கண்ணாடிக் குடுவைகள். ஒன்றில் உறையும் நிலையில் இருக்கும் குளிர்ந்த தண்ணீர், இன்னொன்றில் அதே எடைக்கு ஐஸ். இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் சில டிகிரி ஏற அரை மணி நேரம். ஐஸ் உருகி அதே சூட்டுக்கு வர பத்தரை மணி நேரம்! கூடத்தின் சூடு இரண்டு குடுவைக்கும் ஒன்றுதான். ஐஸ் மட்டும் பத்து மணி நேரம் வாங்கிய சூட்டை எங்கே ஒளித்து வைத்தது? இந்தக் கேள்வியின் விடையைத்தான் நாம் இன்று டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு அலைகிறோம்.

இதிலிருந்தே தெரிகிறதே, ஃப்ரீசரை இன்னும் குளிரான எண்ணுக்குத் திருகி வைப்பதில் பெரிய லாபமில்லை. மைனஸ் 18-ஐ மைனஸ் 25 ஆக்கினால் கூடுதலாகக் கிடைப்பது கிராமுக்கு மூன்றரைக் கலோரி. ஆனால் பேக்கின் நடுவில் கொஞ்சம் உறையாமல் நின்றுவிட்டால், அந்தப் பகுதியின் 80 கலோரியும் போச்சு. நடுவரைக்கும் உறைய வேண்டும், அதுதான் முக்கியம். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கிளம்பும் நாள் காலையில் ஞாபகம் வந்து உள்ளே போட்டால் எதற்கும் உதவாது. முந்தின நாளே, முடிந்தால் அதற்கும் முன்னால், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல், படுக்கையாகப் பரப்பி, நடுவில் காற்றுப் போக இடம் விட்டு வைக்க வேண்டும். உறைந்த பிறகு அடுக்கிக்கொள்ளலாம்.

அடுத்து நாம் போகப் போவது ஐஸ் பேக் கலையின் உண்மையான வித்வான்கள் இருக்கும் இடத்துக்கு. அது ஸ்டார் ஹோட்டல் சமையலறை என்று நினைத்தீர்களா? ஊர்ப்புறத்து ஆரம்ப சுகாதார நிலையம்!

தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராமத்துக்குக் கிளம்பும் முன் காலையில் நடக்கும் காரியத்தைப் பார்க்க வேண்டும். ஆழ்உறைப் பெட்டியிலிருந்து தட்டையான பிளாஸ்டிக் ஐஸ் பேக்குகள் வெளியே வரும். ஒவ்வொன்றும் 0.4 லிட்டர். வெள்ளைப் பனி பூத்து, தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும் குளிர். அவற்றை நேராகத் தடுப்பூசிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை! மேஜை மேல் வரிசையாகப் பரப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அங்கே பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பரபரப்புத் தாங்கவில்லை.

"சிஸ்டர், இப்படி வெளியே வெச்சா உருகிடாதா?"

"உருகணும்மா. அதுக்குத்தானே வெச்சிருக்கேன்," என்றார் கிராம சுகாதார செவிலியர். ஒரு பேக்கை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைத்தார். "இன்னும் பேசல. கொஞ்சம் பொறுங்க."

வெள்ளைப் பனி போய், பேக்கின் மேல் முத்து முத்தாக வியர்வை அரும்பியது. மறுபடி எடுத்துக் குலுக்கினார். இந்த முறை என் காதோரமும் நீட்டினார். உள்ளே சளக், சளக்! "இப்ப ரெடி."

இதன் அழகை நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த பேக் மைனஸ் 15-லோ 20-லோ இருக்கும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறைய வைத்துவிடும். ஆனால் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடும் பென்டாவேலன்ட், மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் பி போன்ற தடுப்பூசிகள் ஒரு முறை உறைந்துவிட்டால் வீண். அவை இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரிக்குள். பேக் பூஜ்யத்துக்கு ஏறி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே ஐஸும் தண்ணீரும் ஒன்றாக இருந்தால் அதன் சூடு பூஜ்யம் டிகிரிதான், கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. ஆகவே சளக் என்ற சத்தம் கேட்டால் பேக் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது! ஜோசப் பிளாக் கூடத்தில் காத்திருந்து கண்டதை நம் சிஸ்டர்கள் காதால் அளக்கிறார்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் சத்தம் வரும், மழை நாளில் கூட நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு துடைத்து, பெட்டியின் நான்கு பக்கமும் நான்கு பேக், நடுவில் பாலித்தீன் பைக்குள் தடுப்பூசிகள், இறுக்கமாக மூடி. தேவையில்லாமல் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய அரை நாள் தாங்கும்.

அந்தப் பேக்குகளில் இருப்பதும் வெறும் குழாய்த் தண்ணீர்தான். பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும், அதுவரைதான் ஊற்ற வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், விளிம்புவரை ஊற்றினால் பேக் வெடித்துவிடும். உப்புப் போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உப்புப் போட்டால் உருகும் சூடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும், அப்புறம் சளக் சத்தத்தை நம்ப முடியாது.

இந்த வித்தையை நான் அப்படியே சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். தயிரோடு ஒட்டி, அப்போதுதான் எடுத்த பேக்கை வைத்தால் ஓரத்துத் தயிர் உறைந்து, பிறகு நீர் விட்டுப் பிரியும். வெள்ளரிக்காயும் தக்காளியும் உறைந்து உருகினால் துவண்டு சொதசொதவென்று ஆகிவிடும். இன்சுலின் எடுத்துப் போகிறவர்களுக்கோ இது உயிர் விஷயம். உறைந்த இன்சுலினை உருகவிட்டும் பயன்படுத்தக் கூடாது. வியர்வை அரும்பும்வரை பேக்கை வெளியே வையுங்கள், அல்லது ஒரு துண்டில் சுற்றுங்கள். கூல்டிரிங்க் பாட்டிலுக்கும் இறைச்சிக்கும் இந்தக் காத்திருப்பு தேவையில்லை, நேராகவே வைக்கலாம்.

உப்பு என்றதும் ஐஸ்கிரீம் வண்டிக்காரரைச் சொல்லாமல் நகர முடியாது! பகல் முழுக்க வெயிலில் தள்ளிக்கொண்டு போகும் வண்டி, ஒயரும் கிடையாது, மோட்டார் ஓடும் சத்தமும் கிடையாது. சாயங்காலம் கடற்கரைக்கு வந்து நின்று மூடியைத் திறந்தால் குச்சி ஐஸ் இறுக்கமாக இருக்கிறது. எப்படி? இப்படியான பல வண்டிகளின் உட்சுவருக்குள் உப்புக் கரைசலோ அது போன்ற கரைசலோ அடைத்த தகடுகள் ஒளிந்திருக்கின்றன. ராத்திரி வண்டியைக் கொண்டுபோய் பிளக்கில் செருகி, அந்தத் தகடுகளைக் கட்டியாக உறைய வைத்துவிடுவார்கள். பகலில் அவை மெல்ல மெல்ல உருகிக்கொண்டே வரும். முழு வண்டியும் சக்கரம் வைத்த ஐஸ் பேக்!

வெறும் தண்ணீர் ஏன் அங்கே உதவாது? தண்ணீர் உருகுவது பூஜ்யத்தில். ஐஸ்கிரீமுக்குப் பூஜ்யம் என்பது பாயசம். நூற்றுக்கு 23 பங்கு உப்புக் கலந்த கரைசலோ மைனஸ் 21-ல்தான் உருகும். மொய் எழுதும் மேஜையை அவ்வளவு கீழே இறக்கிப் போட்டுவிட்டார்கள்! குல்ஃபிக்காரர் மண்பானையில் ஐஸையும் கல்லுப்பையும் சேர்த்துப் போட்டு நடுவில் தகர அச்சுகளைச் சொருகுவதும் இதே தந்திரம்தான். அப்படியானால் வீட்டிலும் உப்புக் கரைசல் பேக் செய்துகொள்ளலாமே என்று கை துறுதுறுக்கும். பொறுங்கள். மைனஸ் 21-ல் உறையும் கரைசலை மைனஸ் 18-ல் ஓடும் வீட்டு ஃப்ரீசர் எப்படி முழுசாக உறைய வைக்கும்? உறையாவிட்டால் உருகுவதற்கு என்ன இருக்கிறது? ஆகவே வீட்டு ஐஸ் பேக்கை வைத்துக்கொண்டு ஐஸ்கிரீமை ஊருக்கு எடுத்துப் போகும் ஆசையை விட்டுவிடுவோம். சாப்பாட்டுக்கும் ஜூஸுக்கும் வெறும் தண்ணீரே ராஜா.

உருகாமல் காப்பதில் இன்னொரு பெரிய கில்லாடி இருந்தார், அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து பிரெடரிக் டியூடர். பனிக்காலத்தில் அங்கே ஏரிகள் உறையும். அந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி உலகெங்கும் விற்றார். 1833-ல் டஸ்கனி என்ற கப்பலில் சுமார் 180 டன் ஐஸைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பயணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும், குளிர் இயந்திரம் என்ற பேச்சே இல்லாத காலம். கப்பல் வந்து சேர்ந்தபோது மிச்சம் சுமார் 100 டன்! பாதிக்கு மேல் உருகாமல் வந்துவிட்டது! சென்னைக்கும் அந்த ஐஸ் வந்தது. அதைச் சேமிக்க 1842-ல் கடற்கரையோரம் கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் வந்து தங்கிய, இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அதே கட்டடம். பக்கத்துக் காவல் நிலையத்துக்கு இன்னும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர்.

100 டன் எப்படித் தப்பியது? சூடு வெளிப்பரப்பு வழியாகத்தான் உள்ளே வரும். பாளங்களை நெருக்கி அடுக்கி ஒரே குவியலாக்கினால், அவ்வளவு எடைக்கு வெளிப்பரப்பு சொற்பம். அதைச் சுற்றிலும் மரத்தூள், அதற்குள் சிக்கிய காற்று. நம் தெர்மகோல் பெட்டியும் அதேதான், அதில் ஏறக்குறைய 98 சதவீதம் காற்று! ஆகவே நீண்ட பயணத்துக்குப் பெரிய பேக், அல்லது சின்னப் பேக்குகளை நெருக்கி ஒட்டி வைப்பது. பாட்டிலைச் சீக்கிரம் குளிரவைக்க வேண்டுமானால் சின்னச் சின்னப் பேக்குகளைச் சுற்றிலும் வைப்பது.

வாருங்கள், இப்போது பெட்டி கட்டலாம். மே மாதம், சென்னையிலிருந்து மதுரைக்குக் காரில், வழியில் நிற்பதையும் சேர்த்து எட்டு மணி நேரம். கையில் நடுத்தர தெர்மகோல் பெட்டி, 30 சென்டிமீட்டர் நீள அகலம், 25 உயரம், சுவர் இரண்டரை சென்டிமீட்டர் தடிமன். வெளியே 38 டிகிரி, உள்ளே 4 டிகிரி இருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தச் சுவர் வழியாக மணிக்கு வரும் சூட்டைச் சமாளிக்கவே ஏறக்குறைய கால் கிலோ ஐஸ் உருக வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு இரண்டு கிலோ. அதாவது 400 கிராம் பேக் ஐந்து! ஒரே ஒரு சின்ன ஜெல் பையை வைத்துவிட்டு விழுப்புரம் தாண்டியதும் "சூடாயிடுச்சே" என்றால் அதன் மேல் என்ன தப்பு? சுவர் ஐந்து சென்டிமீட்டர் தடிமனுள்ள பெட்டியாக இருந்தால் இந்தச் செலவு பாதியாகிவிடும். பேக் வாங்கும் காசில் கொஞ்சத்தை நல்ல பெட்டிக்குக் கொடுங்கள் என்று நான் எல்லாரிடமும் மன்றாடுவது இதனால்தான்.

இன்னொரு கணக்கு, இது இன்னும் சுவாரசியம். அறைச் சூட்டில், அதாவது 32 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் ஜூஸ் பாட்டிலை அப்படியே பெட்டிக்குள் வைக்கிறீர்கள். அதை 4 டிகிரிக்குக் கொண்டுவர 28,000 கலோரியை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு உருக வேண்டிய ஐஸ் 350 கிராம். ஒரே பாட்டில் ஏறக்குறைய ஒரு முழுப் பேக்கைத் தின்றுவிட்டது! அதனால் உள்ளே போகிற ஒவ்வொன்றும் முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜில் இருந்து குளிர்ந்திருக்க வேண்டும். பெட்டியையும் ராத்திரியே ஏசி அறையில் திறந்து வைத்துவிடுங்கள். ஐஸ் பேக்கைக் குளிர வைக்கும் கருவியாக நினைக்காதீர்கள், குளிர்ந்ததைக் காவல் காக்க வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும் விதம்: அடியில் ஒன்று, பக்கங்களில் ஒன்றிரண்டு, பெரியது கட்டாயம் மேலே. குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். மேலே இருக்கும் பேக் கீழே உள்ள எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டே இருக்கும், குளிரால்! காலியிடத்தில் காற்று இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது கொட்டிப்போய், வெளிக்காற்று ஏறி உட்காரும். மடித்த துண்டால் அடைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் தனித்தனிப் பெட்டி. தாகம் எடுக்கிற போதெல்லாம் ஆளாளுக்குத் திறப்பது தண்ணீர்ப் பெட்டியை, சாப்பாட்டுப் பெட்டி மத்தியானம்வரை மூடியே கிடக்கும். பெட்டியை டிக்கியில் போடாதீர்கள், வெயிலில் நிறுத்திய காரின் டிக்கி அடுப்பு. சீட்டுக்குக் கீழே, ஏசி காற்று படும் இடத்தில், மேலே ஒரு கெட்டித் துண்டு போர்த்தி வையுங்கள்.

பேக் போதவில்லையா? பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் கழுத்துக்குக் கீழேவரை ஊற்றி உறைய வையுங்கள். 9 சதவீதம் விரிய இடம் வேண்டும், மறக்காதீர்கள். போகும்போது பேக், போய்ச் சேர்ந்த பிறகு ஜில்லென்ற குடிநீர்! மோரையும் எலுமிச்சை ஜூஸையும் கூட இப்படிச் செய்யலாம், மோர் உருகிய பிறகு நன்றாகக் குலுக்கிவிட்டால் போதும். கண்ணாடி பாட்டிலையும் மூடிய ஸ்டீல் பிளாஸ்க்கையும் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

கடையில் வாங்கிய ஐஸ்கட்டியை உடைத்துப் போட்டால் ஆகாதா என்பார்கள். குளிரும், நன்றாகவே குளிரும். ஆனால் உருகிய தண்ணீரில் டப்பாக்கள் மிதக்கும். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாது. அது மூடியிடுக்கு வழியாகத் தயிர்சாதத்துக்குள் புகுந்தால் அத்தனை உழைப்பும் பாழ். உருகிய தண்ணீர் பைக்குள்ளேயே இருப்பதுதான் ஐஸ் பேக் நமக்குச் செய்யும் பேருபகாரம்.

எல்லாவற்றையும் இப்படித் தூக்கிப் பிடிக்க வேண்டுமா? வேண்டாம். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் காலம் காலமாகப் பேக் இல்லாமலே ரயில் ஏறி வந்தவை. தயிர்சாதம், பால், பனீர், மயோனைஸ் போட்ட சாண்ட்விச், வேகவைத்த முட்டை, மீன், கறி, இவற்றுக்குத்தான் காவல் வேண்டும். கிருமிகள் கொண்டாட்டமாகப் பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். கெடக்கூடிய சாப்பாடு அந்த இடைவெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்று அமெரிக்க வேளாண் துறை அறிவுறுத்துகிறது. நம் ஊர் சித்திரை வைகாசியில் அந்த ஒரு மணி நேரக் கணக்குதான் நமக்கு. பேக் இன்னும் சளக் சளக் என்று ஐஸும் தண்ணீருமாக இருந்தால் கவலையில்லாமல் டப்பாவைத் திறக்கலாம். முழுசாக உருகி, தொட்டால் குளிரே இல்லை என்றால் அந்த மீனைச் சாப்பிட வேண்டாம், மனசு கேட்காவிட்டாலும் வேண்டாம்.

வேலைக்குப் போகும் இளம் தாய்மார்களுக்கு இதைக் கத்திச் சொல்ல ஆசை: ஆபீசில் எடுத்த தாய்ப்பாலை உறைந்த ஐஸ் பேக்குகளோடு நல்ல காப்புப் பையில் வைத்தால் 24 மணி நேரம்வரை வைத்திருக்கலாம் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். ஆபீசில் ஃப்ரிட்ஜ் இல்லையே என்று பாலைக் கொட்டிவிட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். நான்கு சின்னப் பேக், ஒரு நல்ல பை, அவ்வளவுதான்!

கடைசியாக, மீனோடும் மாவோடும் வந்து குவியும் பைகள். அவற்றை எறிய எனக்குக் கை வராது. சோப்புப் போட்டுக் கழுவி, தையல் ஓரத்தை அழுத்திப் பார்த்து, கசிவில்லை என்றால் துடைத்து ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். உறைந்து உருகி, மறுபடி உறைந்து, தண்ணீர் இதில் களைப்பதே இல்லை. தேய்வது பிளாஸ்டிக் உறை மட்டும். அது கிழிந்த அன்று ஜெல்லை சிங்க்கில் மட்டும் கொட்டிவிடாதீர்கள், குழாய்க்குள் போய் இன்னும் தண்ணீர் குடித்து ஊதி அடைத்துக்கொள்ளும். ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் குப்பைக் கூடையில் போடுங்கள். போடுவதற்கு முன் ஒரு கை அள்ளி, அந்த உப்பு வித்தையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்!